ஊசிப் பெட்டியில 2030, கம்ப்யூட்டர்ல 1930: இந்தச் செலவு யார் தலையில?

பாளையங்கோட்டையில ஒரு மெடிக்கல் ஏஜென்சிக்கு மாசம் ஒருக்கா சிஸ்டம் பாக்கப் போவேன், ஆஸ்பத்திரிக்கும் சின்னச் சின்ன மருந்துக்கடைக்கும் சப்ளை பண்ணுத இடம் அது. போன வருஷம் ஒரு நாள் பர்சேஸ் என்ட்ரி போடுத தங்கச்சி, "அண்ணே இங்க வாங்களேன், இன்னைக்கு வந்த சரக்க எக்ஸ்பயரி ஆயிட்டுன்னு சொல்லுது"ன்னா. பாத்தா சிரிஞ்சு பெட்டி, இன்னும் பேக்கிங் டேப் கூட கிழிக்கல. அட்டையில 01/2030ன்னு தெளிவா அச்சடிச்சிருக்கு. ஊசி, கையுறை மாதிரி ஸ்டெரைல் சாமானுக்கு பெரும்பாலும் அஞ்சு வருஷம் தேதி இருக்கும்ல, அதுதான். ஆனா சாப்ட்வேர்ல எக்ஸ்பயரி கட்டத்துல மாசத்துக்கு ரெண்டு எழுத்து, வருஷத்துக்கு ரெண்டு எழுத்து, அதுக்கு மேல இடம் கெடயாது. 01/30ன்னு அடிச்ச உடனே வரி செவப்பாகி, அந்தச் சரக்கு நேரா எக்ஸ்பயரி ரிட்டர்ன் லிஸ்ட்ல போய் உக்காந்துட்டு. பில் போடவும் விட மாட்டேங்குது. கம்ப்யூட்டர் அத 1930 ஜனவரின்னு எடுத்துக்கிட்டு.

கம்பெனிக்கு போன் போட்டா, "அது பழைய வெர்ஷன் சார், புது வெர்ஷன்ல இந்தப் பிரச்சனை வராது, அப்கிரேடு சார்ஜ் 18 ஆயிரம், ஜிஎஸ்டி தனி"ன்னு பதில். கடை அண்ணாச்சி போன வாங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு: "ஏம்ப்பா, நீ எனக்கு விக்கும்போது இது 2029 வரைக்கும்தான் ஓடும்னு சொன்னியா?" அந்தப் பக்கம் இருந்த பையன் பாவம், அவன் வேலைக்குச் சேந்தே ரெண்டு வருஷம் இருக்கும், அவனுக்கு என்ன தெரியும், மேல கேட்டுச் சொல்லுதேன்னு வச்சிட்டான்.

அண்ணாச்சி கேட்ட கேள்வியிலதான் விஷயம் மொத்தமும் இருக்கு, அதுக்காகத்தான் இத எழுதுதேன்.

முதல்ல இது ஏன் நடக்குதுன்னு பாத்துருவோம். வருஷத்த ரெண்டு எழுத்துல வாங்குத எந்த புரோகிராமும், அந்த ரெண்டு எழுத்துக்கு முன்னாடி 19 போடவா 20 போடவான்னு தானா முடிவு பண்ணியாகணும். அதுக்கு ஒரு கோடு கிழிச்சு வச்சிருப்பாங்க. பழைய விண்டோஸ்ல ஓடுத எக்செல் எடுத்துக்கிட்டா 00லேர்ந்து 29 வரைக்கும் அடிச்சா 2000த்துல சேக்கும், 30லேர்ந்து 99 வரைக்கும் 1900த்துல சேக்கும். விஷுவல் பேசிக் 6ங்குத பழைய புரோகிராம் மொழியில எழுதின நம்ம ஊரு பில்லிங் சாப்ட்வேர் முக்காவாசிக்கும் இதே 29தான் கோடு, பழைய விண்டோஸ்ல ரீஜன் செட்டிங்ல போய் பாத்தாலும் 1930 முதல் 2029 வரைன்னு எழுதியிருக்கும். அத மாத்தலாம், மாத்துனா சில புரோகிராம் கேக்கும், சிலது கேக்காது. அதனாலதான் ஒரே சாப்ட்வேர் ஒரு சிஸ்டத்துல ஒழுங்கா ஓடும், பக்கத்து சிஸ்டத்துல கோளாறு பண்ணும். வந்து பாக்குத சர்வீஸ் பையனும் "உங்க விண்டோஸ்தான் சார் பிரச்சனை"ன்னு சொல்லிட்டுப் போயிருவான்.

இந்தக் கோடு கிழிக்குத பழக்கம் ஒய்டூகே சமயத்துல, அதாவது 2000ம் வருஷத்த கம்ப்யூட்டர் 1900ன்னு எடுத்துக்கிடுமேன்னு எல்லாரும் பயந்த சமயத்துல, வந்த அவசர வைத்தியம். ரெண்டு எழுத்து இருந்த எல்லா இடத்தையும் நாலு எழுத்தா மாத்த நேரம் இல்ல, காசும் இல்ல, அதனால ஒரு கோட்டப் போட்டு தள்ளி வச்சாங்க. 1999ல அப்படிச் செஞ்சதுல தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா 2000 தாண்டின பொறவு, எல்லாக் கூத்தையும் கண்ணால பாத்துட்டு, 2006லயும் 2010லயும் புதுசா எழுதி வித்த சாப்ட்வேர்லயும் ரெண்டு கட்டம்தான் வச்சாங்க பாருங்க, அத எப்படி ஏத்துக்க முடியும்?

ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர்னு பழைய புரோகிராம் மொழியில எழுதின கணக்கு புரோகிராம் இன்னும் நம்ம பக்கம் ஓடிக்கிட்டுதான் இருக்கு, திருநெல்வேலி டவுண்ல ஜவுளிக்கடையில பாத்திருக்கேன், அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி மில்லுல பாத்திருக்கேன். அதுல ஒரு விஷயம் எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல. அந்த புரோகிராம் கணக்கச் சேத்து வைக்குத டிபிஎஃப் ஃபைல்ல தேதி எப்பவுமே எட்டு எழுத்தாத்தான் பதிஞ்சிருக்கும், வருஷம் நாலு, மாசம் ரெண்டு, தேதி ரெண்டு. 2030 ஜனவரி 31ன்னா 20300131. உள்ள இடம் முதல்லேர்ந்தே இருந்திருக்கு! ஸ்கிரீன்லதான் ரெண்டு எழுத்தக் குறைச்சிருக்காங்க. ஃபாக்ஸ்புரோவுல "செட் செஞ்சுரி ஆன்"னு ஒரு வரி, கிளிப்பர்லயும் அதே மாதிரி செட் செஞ்சுரி, செட் எபாக்னு ஒண்ணு ரெண்டு வரி, அப்புறம் ஸ்கிரீன்ல கட்டத்தக் கொஞ்சம் அகலமாக்கணும், ரிப்போர்ட்டுலயும் கட்டத்த நகத்தணும். சின்ன வேலைன்னு சொல்ல வரல, ஒவ்வொரு ஸ்கிரீனா பாக்கணும், ரெண்டு மூணு நாள் சோலி. ஆனா புதுசா ஒரு சாப்ட்வேர் விலைக்கு உள்ள வேலையும் கெடயாது.

இந்தப் பிழை ஒரு சிஸ்டத்த நிப்பாட்டிட்டா கூட பரவாயில்ல, நின்னா ஆளக் கூப்பிடுவோம். நிக்காம தப்பா ஓடுறதுதான் பயம். இங்கிலாந்துல ஷெஃபீல்டுல ஒரு ஆஸ்பத்திரி லேப் கம்ப்யூட்டர் 2000ம் வருஷம் முதல் சில மாசம் கர்ப்பிணிகளோட வயசத் தப்பா கணக்குப் போட்டுச்சு, பிறந்த வருஷத்த ரெண்டு எழுத்துல வச்சிருந்த வினை. அதனால குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வர வாய்ப்பு எவ்வளவுங்குத கணக்கு தப்பாகி 150க்கும் மேல பெண்களுக்குத் தவறான ரிப்போர்ட் போயிட்டு. ஸ்கிரீன்ல எர்ரர் வரல, பிரிண்டர் அது பாட்டுக்கு அடிச்சுக் குடுத்துருக்கு. ஒய்டூகேல ஒண்ணுமே நடக்கல, சும்மா பீதியக் கெளப்புனாங்கன்னு யாராவது சொன்னா நான் இதத்தான் சொல்லுவேன்.

நம்ம ஊர்லயும் சத்தமில்லாம நடக்குறதுதான் அதிகம். இன்னொரு அரிசி மில்லுல கணக்கு எழுதுத அக்கா ரொம்ப நாளா ஒண்ணு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, "மாசம் பொறந்து பன்னெண்டு நாள் வரைக்கும் இந்த ரிப்போர்ட்டு சரியா வராது தம்பி, பதிமூணுலேர்ந்து சரியாயிரும்"னு. எல்லாரும் அத ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுட்டோம். ஒரு நாள் உக்காந்து பாத்தா அவங்க சொன்னது அச்சு அசலா உண்மை. உள்ள இருக்கது மைக்ரோசாப்டோட ஆக்சஸ் டேட்டாபேஸ். அதுகிட்ட கேள்வி கேக்கும்போது தேதிய எப்பவும் அமெரிக்கா வழக்கப்படி மாசம் முதல்ல, தேதி ரெண்டாவதுன்னுதான் அது படிக்கும், நம்ம விண்டோஸ் செட்டிங் என்னவா இருந்தாலும். எழுதினவரு நம்ம வழக்கப்படி தேதிய முதல்ல போட்டு அனுப்பிட்டாரு. ஏப்ரல் 5ன்னு 05/04 போனா அது மே 4ன்னு எடுத்துக்கும். 13/04 போச்சுன்னா பதிமூணாவது மாசம்னு ஒண்ணு இல்லையேன்னு அதுவே திருப்பிப் போட்டு சரியா படிச்சிரும். அதனாலதான் பன்னெண்டு நாள் தப்பு, பதிமூணுலேர்ந்து சரி, நடுவுல 4/4, 5/5 மட்டும் தப்பிக்கும். எத்தன வருஷமா அந்த அக்கா மாசம் பன்னெண்டு நாளு கால்குலேட்டர வச்சி கையால கூட்டிக்கிட்டு இருந்திருக்காங்க! அந்த உழைப்புக்கு யார் கூலி குடுப்பா? ஏஎம்சின்னு வருஷப் பராமரிப்புக் காசு மட்டும் தவறாம போயிருக்கு.

சரி, பொறுப்பு யாருக்கு?

இந்தக் கேள்வி அமெரிக்காவுல கோர்ட்டுக்கே போயிருக்கு, அதுவும் நம்ம கடைகள் மாதிரி ஒரு கடையிலேர்ந்துதான் ஆரம்பிச்சுது. மிச்சிகன் மாநிலத்துல ப்ரொடியூஸ் பேலஸ்னு ஒரு பழம் காய்கறிக் கடை. வாடிக்கையாளர் 00ன்னு, அதாவது 2000ல காலாவதி ஆகுறதா, போட்டிருக்க கிரெடிட் கார்டக் குடுத்தா கேஷ் ரிஜிஸ்டர் படுத்துரும், வியாபாரமே நின்னுரும். 1997ல, அதாவது 2000 பொறக்குறதுக்கு ரெண்டு வருஷத்துக்கும் மேல முன்னாடியே, மெஷின் செஞ்ச கம்பெனி மேலயும் வித்த லோக்கல் டீலர் மேலயும் கேஸ் போட்டாங்க. ஒய்டூகே கேஸ்ல முதல் கேஸ் அதுதான்னு சொல்லுவாங்க, 1998ல ரெண்டரை லட்சம் டாலருக்கு சமாதானமாப் போச்சு. நம்ம சிரிஞ்சு பெட்டி கதையும் அந்தக் கார்டு கதையும் ஒண்ணுதான் பாத்தீங்களா. 2000ம் வருஷம் வரலை, ஆனா 2000ன்னு அச்சடிச்ச கார்டு வந்துட்டு. 2030 வரலை, 2030ன்னு அச்சடிச்ச பெட்டி வந்துட்டு. அஞ்சு வருஷ டெபாசிட்டு, வண்டி லோனு, வாரன்ட்டி கார்டு எல்லாத்துலயும் அந்த வருஷம் இப்பமே வர ஆரம்பிச்சாச்சு.

மெடிக்கல் மேனேஜர்னு டாக்டர்கள் கிளினிக்குக்கு விக்குற ஒரு சாப்ட்வேர் மேலயும் 1998ல நியூஜெர்சியில ஒரு டாக்டர் கேஸ் போட்டாரு. பழைய வெர்ஷன் 2000த்தத் தாங்காது, புதுசு வாங்குன்னு சொன்னா எப்படிங்கறதுதான் அவரு வழக்கு. கடைசியில இலவசமா சரி பண்ணிக் குடுக்குறதா கம்பெனி ஒத்துக்கிட்டு சமாதானம் ஆச்சு. இன்னொரு பக்கம், குவிக்கன்னு வரவு செலவு சாப்ட்வேர் செஞ்ச இன்டியூட் கம்பெனி மேல போட்ட கேஸ், உனக்கு இன்னும் ஒரு நஷ்டமும் நடக்கலியேன்னு தள்ளுபடி ஆயிருக்கு. இது ஒரு பெரிய சிக்கல். முன்னாடியே கேட்டா இன்னும் நடக்கலன்னு சொல்லுவாங்க, நடந்த பொறவு கேட்டா வாங்கி எத்தன வருஷம் ஆச்சு, டைம் முடிஞ்சிட்டுன்னு சொல்லுவாங்க. 1999 ஜூலையில கிளின்டன் கையெழுத்துப் போட்ட ஒய்டூகே சட்டம் கேஸ் போடுறதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும்னுச்சு, பதில் சொல்ல 30 நாள், ஒத்துக்கிட்டா சரி பண்ண இன்னும் 60 நாள். கம்பெனிகளுக்குச் சாதகமான சட்டம்னு அப்பமே பேச்சு உண்டு. எனக்கு அந்த ஒரு ஏற்பாடு மட்டும் நல்லதாத்தான் படுது, ஏன்னா கடைக்காரனுக்கு கேஸு வேண்டாம், சாப்ட்வேர் ஓடுனாப் போதும்.

நம்ம நாட்டுச் சட்டத்துல என்ன இருக்குன்னா, 2004ல டாடா கன்சல்டன்சி, ஆந்திர அரசு வழக்குல, கடையில பெட்டியில வச்சு விக்குற ரெடிமேட் சாப்ட்வேரும் சரக்குதான்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டு. அது விற்பனை வரி வழக்கு, ஆனாலும் சரக்குன்னு ஆயிட்டா 1930ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்த வச்சி பேச இடம் கிடைக்குது. என்ன காரியத்துக்கு வாங்குதோம்னு சொல்லி, விக்குறவரோட திறமைய நம்பி வாங்குனா அந்தக் காரியத்துக்கு அது தகுதியா இருக்கணும்னு 16வது பிரிவு. மருந்துக்கடைக்குன்னே விக்குற சாப்ட்வேருக்கு எக்ஸ்பயரி தேதி தெரியலன்னா பொறவு என்ன தகுதி? ஆனா அதே சட்டத்துல 62வது பிரிவு, ரெண்டு பேரும் ஒப்பந்தம் போட்டு இத விலக்கிக்கலாம்னும் சொல்லுது, அதனாலதான் இன்ஸ்டால் பண்ணும்போது யாரும் படிக்காத அந்த நீள ஸ்கிரீன்ல எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பாங்க. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனா வியாபாரத்துக்கு வாங்கினவன் நுகர்வோர் இல்லன்னு முதல்ல தடுப்பாங்க, ஆனா தன் பிழைப்புக்காக சுயதொழில் பண்ணுதவருக்கு 2019 சட்டத்துல விலக்கு உண்டு, சின்னக் கடைக்காரங்க இதத் தெரிஞ்சு வச்சிக்கணும். புகார் குடுக்க ரெண்டு வருஷம்தான் டைம். அதே சட்டத்துல பொருள் பொறுப்புன்னு தனி அத்தியாயமே இருக்கு, ஆனா வியாபார நஷ்டம், பண நஷ்டம் அதுல சேராதுன்னும் எழுதியிருக்கு, நமக்கு ஆகுறது பூராவும் அந்த நஷ்டம்தான். ஆக சட்டம் ஒண்ணுமே இல்லாம இல்ல, ஆனா அத மட்டும் நம்பி இருக்க முடியாது.

சாப்ட்வேர் போடுறவங்க பக்கமும் நியாயம் இருக்கு, அத மறைச்சுப் பேசக்கூடாது. பன்னெண்டாயிரத்துக்கு வித்த பொருளுக்கு இருபது வருஷம் சும்மா வேலை பாக்க யாரால முடியும்? 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்துச்சு, பில்லு மொத்தமும் மாறிச்சு, அதுக்கு காசு வாங்குனாங்க, சரி, அது அவங்க செஞ்ச தப்பு இல்ல, அரசாங்கம் மாத்துனது. விண்டோஸ் மாறுனதால ஓடலன்னா அதுவும் பேசித் தீத்துக்க வேண்டியதுதான். பிரச்சனை என்னன்னா, தேதிப் பிழையையும் இதே சாக்குல போட்டுக் கட்டிருதாங்க. அது பழசானதால வந்த கோளாறு கெடயாது. மோட்டார் தேயுறது மாதிரி புரோகிராம் தேயாது. 2006ல டெலிவரி குடுத்த அன்னைக்கு ராத்திரியே 01/30ன்னு அடிச்சிருந்தா அன்னைக்கும் 1930ன்னுதான் சொல்லியிருக்கும். பொறக்கும்போதே இருந்த ஊனம்.

அதோட இது மத்த பிழை மாதிரி எப்பம் வரும்னு தெரியாத பிழையும் இல்ல. எந்த நாள் உடையும்னு எழுதினவருக்குத் தெரியும், காலண்டர்ல வட்டம் போட்டு வைக்கலாம். யூனிக்ஸ்ங்குத ஆபரேட்டிங் சிஸ்டம் வழியில 1970 ஜனவரி 1லேர்ந்து விநாடி எண்ணுத சிஸ்டம், அந்த எண்ண வைக்க 32 பிட் இடம்தான் இருந்தா, 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 விநாடியோட முட்டிக்கும், நம்ம நேரப்படி அது 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை காலையில 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. இவ்வளவு துல்லியமா தெரியுற ஒரு கோளாற வாங்கினவங்ககிட்ட சொல்லாம இருக்குறதத்தான் நான் பெரிய குத்தமா நினைக்கேன், பிழை விட்டத விட. மார்ச் பொறந்தா ஏஎம்சி ரினியூவலுக்கு தவறாம போன் பண்ணுதாங்கல்ல, நம்பர் அவங்ககிட்ட இருக்குல்ல, ஒரு மெசேஜ் அனுப்ப என்ன செலவு?

சொல்லாம விட்டா என்ன ஆகும்னு நியூயார்க் பாத்துருக்கு. 2020 ஜனவரி 1ல அங்க தெரு பார்க்கிங் மீட்டரெல்லாம் கார்ட வாங்க மாட்டேன்னுட்டு, சாப்ட்வேர்ல முடிவு தேதியா அந்த நாள போட்டு வச்சிருந்தாங்க, கம்பெனி அத அப்டேட் பண்ணவே இல்ல, கடைசியில மீட்டர் மீட்டரா ஆள் போயி சரி பண்ண வேண்டியதாச்சு. நேர் எதிரா இன்னொண்ணு, 2012 பிப்ரவரி 29ல மைக்ரோசாப்ட் இணையம் வழியா கம்ப்யூட்டர வாடகைக்கு விடுத அஷூர் சேவை படுத்துட்டு, வருஷத்துல ஒண்ணக் கூட்டி 2013 பிப்ரவரி 29ன்னு இல்லாத தேதிக்கு சர்டிபிகேட் போட்டதால வந்த வினை. காரணத்த வெலாவாரியா அவங்களே எழுதி வெளியிட்டு, பாதிக்கப்பட்ட சேவைகளுக்கு அந்த மாச பில்லுல 33 சதவீதம் கழிச்சும் குடுத்தாங்க. பெரிய கம்பெனி, மாச வாடகை முறை, அதனால முடிஞ்சதுன்னு சொல்லலாம். ஆனா காரணத்த எழுதிக் குடுக்க காசு தேவையில்ல.

நம்ம பக்கம் இன்னொரு சங்கடம், எழுதினவரே இப்பம் இல்ல. வண்ணார்பேட்டையில ஒரு மாடி ரூம்ல ரெண்டு கம்ப்யூட்டர வச்சிக்கிட்டு அம்பது கடைக்கு புரோகிராம் எழுதிக் குடுத்தவங்க இருந்தாங்க, நல்ல திறமைசாலிங்க, சிலரு பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டாங்க, சிலரு காலமாயிட்டாங்க. அவங்க எழுதின மூல புரோகிராம், சோர்ஸ் கோடு, யார்கிட்டயும் இல்ல. வாங்கும்போதே சோர்ஸ் ஒரு காப்பி மூணாவது ஆளுகிட்ட இருக்கட்டும்னு ஒரு வரி எழுதி வாங்கியிருந்தா இன்னைக்கு வேற ஆள வச்சு ரெண்டு நாள்ல முடிச்சிருக்கலாம். இனிமே வாங்குதவங்க அத கேளுங்க. எந்தத் தேதி வரைக்கும் இது சரியா ஓடும், அதுக்கு முன்னாடி உடைஞ்சா இலவசமா சரி பண்ணுவியான்னு பில்லு பின்னாடியாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்க. ஏற்கனவே வச்சிருக்கவங்க பேக்கப்ப பென்டிரைவ்ல எடுத்து, கடை ஓடாத வேற ஒரு பழைய கம்ப்யூட்டர்ல போட்டு, 01/30 அடிச்சுப் பாருங்க, 29/02/28 அடிச்சுப் பாருங்க. கடை ஓடுத சிஸ்டத்துல தேதிய மாத்தி சோதிக்காதீங்க, ஒரு ஆளு அப்படிப் பண்ணி அந்த வருஷத்துக் கணக்கே குடைசாஞ்சுது.

பாளை ஏஜென்சியில கடைசியில நானும் அண்ணாச்சியும் உக்காந்து கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதினோம், பதிவுத் தபால்ல, என்னைக்கு வாங்கினது, எந்த பேட்ச், ஸ்கிரீன் போட்டோ எல்லாம் சேத்து, 30 நாள்ல பதில் வேணும்னு. இருபத்தாறாவது நாள் போன் வந்துச்சு, அப்கிரேடு சார்ஜ் வேண்டாம், பழைய வெர்ஷன்லயே மாத்தித் தாரோம், ஆனா கொஞ்சம் டைம் ஆகும்னாங்க. எழுத்துல தாங்கன்னு கேட்டிருக்கோம். அதுவரைக்கும் சரக்கு நிக்கக் கூடாதேன்னு 2030 தேதி உள்ள எல்லாத்தையும் 12/29ன்னு பொய்யாத்தான் ஏத்துதாங்க, வேற வழி இல்ல. அந்தத் தங்கச்சி ஒரு அம்பது பக்க நோட்டு வாங்கி, பேட்ச் நம்பர், அட்டையில உள்ள நெசத் தேதி, கம்ப்யூட்டர்ல போட்ட தேதின்னு மூணு கோடு கிழிச்சு எழுதிக்கிட்டு வாரா. நான் கடைசியாப் போனப்போ பதினோராவது பக்கம் ஓடிக்கிட்டு இருந்துச்சு.